மாசித் தளிரும் ஏரித் தண்ணீரும்



மாசி மாதத்தில் நம் ஆர்.கே.பேட்டை வட்டாரத்து ஏரிக்கரை ஒன்றின்மேல் நடந்து போகிறவன் இரண்டு காரியங்களை ஒருமிக்கக் காண்கிறான். தலைக்கு மேலே புங்கமரம் தளிர் விடுகிறது. காலடியில் ஏரி வற்றுகிறது. இரண்டும் ஒரே வெயிலின் வேலை. இவற்றில் எதை நாம் அடையாளமாக எடுத்துக்கொள்வது? தளிரைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, சேற்றைப் பார்த்துக் கவலைப்படுவதா? இது ஏதோ கவிராயர்கள் பொழுது போக்குவதற்காகக் கேட்கும் கேள்வி என்று எண்ண வேண்டாம். இதற்கு நாம் சொல்லும் பதிலைப் பொறுத்து ஒருவன் பங்குனியில் மோட்டாரை எத்தனை மணி நேரம் ஓட்டுவான் என்பது தீர்மானமாகிறது. மோட்டாரின் நேரத்தைப் பொறுத்து, கடைமடையில் இருக்கிறவன் வீட்டு உலை கொதிக்குமா என்பதும் தீர்மானமாகிறது.

முதலில் மரங்களைப் பார்ப்போம். நம் முன்னோர் வருஷத்தை ஆறு பருவமாகப் பிரித்து, சித்திரை வைகாசியை இளவேனில் என்றார்கள்; மாசி பங்குனியைப் பின்பனி என்றார்கள். ஆனால் மரங்கள் பஞ்சாங்கம் பார்த்துக் காத்திருப்பதில்லை. பின்பனியிலேயே இளவேனிலின் தூதர்கள் வந்துவிடுகிறார்கள். புங்கமரம் பழைய இலையெல்லாம் கொட்டிவிட்டு, சில நாட்களுக்குள் எண்ணெய் பூசினாற்போல் மினுமினுக்கும் இலை விடுகிறது. அரசமரத்துக் கொழுந்து செப்புத் தகட்டைப்போல் சிவந்து நிற்கிறது. முள்ளிலவு இலையே இல்லாமல் சிவந்த பூவைச் சுமந்துகொண்டு மைனாவையும் காகத்தையும் விருந்துக்கு அழைக்கிறது. மாந்தோப்புகளில் பூ உதிர்ந்து வடு பிடிக்கிறது. வேம்பு சற்றுப் பொறுத்துப் பங்குனியில் பூக்கும். தெலுங்கு பேசும் நம் அண்டை வீட்டார் உகாதிப் பச்சடிக்கு அந்தப் பூவைத்தான் பறிப்பார்கள். குயிலும் அப்போது வாய் திறந்துவிடும்.

இனி ஏரியைப் பார்ப்போம். தெலுங்கில் செருவு, தமிழில் ஏரி. 1960 ஏப்ரல் முதல் தேதியில் திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது எல்லைக்கோடு மாறியதே தவிர, ஏரி இரண்டு பாஷைக்கும் பொதுவாகத்தான் இருந்தது. ஐப்பசி கார்த்திகை மழையில் வரத்துக்கால் வழியாக வந்து சேர்ந்த தண்ணீர்தான் வருஷம் முழுமைக்கும் நம் முதல். கலங்கல் வழிந்து ஓடினால் நல்ல வருஷம். மாசியில் தண்ணீர் கரையைவிட்டு விலகி நடுவே ஒடுங்குகிறது. விலகின இடத்தில் கோரையும் புல்லும் முளைக்க, மாடுகள் இறங்கி மேய்கின்றன. மீன்களெல்லாம் கொஞ்சத் தண்ணீரில் நெருக்குண்டு கிடப்பதால் கொக்கும் நாரையும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்து எவ்வளவு அழகு என்கிறார்கள். அழகுதான். ஆனால் கொக்குக்குத் திருநாளாயிருப்பது மீனுக்கு ஆபத்துக் காலம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நமது ஆண்டவராகிய சேசுநாதர் தம்முடைய சீஷர்களுக்கு ஓர் அத்திமரத்தைக் காண்பித்து, அது இளங்கிளை விட்டுத் துளிர்ப்பதைக் கொண்டு கோடைகாலம் கிட்டிவிட்டதென்று அறிவதுபோல, நடக்கும் காரியங்களையும் கண்டறியச் சொன்னார். வேறோரிடத்தில், மேற்கே மேகம் எழும்பினால் மழை என்றும் தெற்கத்திக் காற்று அடித்தால் வெயில் என்றும் சொல்லத் தெரிந்த மனிதர் தங்கள் காலத்தைமட்டும் நிதானிக்கத் தெரியாமலிருப்பதேன் என்று கடிந்துகொண்டார். வானத்தையும் மரத்தையும் பார்க்கத் தெரிந்தவனுக்கு இன்னொரு பார்வையும் வேண்டும் என்பதுதான் அவர் கருத்து. அது என்ன பார்வை?

ஐரோப்பாவில் வசந்தமென்றால் விடுதலை. பனிக்கட்டி உருகும், ஆறு பெருகும், அடைத்து வைத்த ஆட்டுக்குட்டிகள் வெளியே துள்ளும். தபசு காலத்துக்கு இங்கிலீஷ்காரர் வைத்த பெயரே வசந்தத்தைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்ததுதான். பகல் நீளுகிற காலம் என்று அதற்குப் பொருள். பாஸ்குத் திருநாள் படங்களில் நாம் பார்க்கும் ஆட்டுக்குட்டியும் லீலிப் புஷ்பமும் அந்த வசந்தத்தினுடையவை. நமக்கு அப்படி அல்ல. விபூதிப் புதன் தொடங்கிப் பாஸ்குவரையில் உள்ள நாற்பது நாளும் நம் ஊரில் தண்ணீர் நாளுக்கு நாள் குறைகிற நாட்கள். மார்ச் 21-ந் தேதியிலோ அதன் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்கு என்பது விதி. ஆகையால் எந்த வருஷமும் தபசு காலம் பெரும்பாலும் மாசி பங்குனியில்தான் வரும். ஐரோப்பியருடைய வசந்தத்தைக் காட்டிலும் நம்முடைய மாசிதான் தபசுக்குப் பொருத்தமானது என்பது என் எண்ணம். அவர்கள் ஒருசந்தி இருக்கும்போது இயற்கை விருந்துக்கு ஆயத்தம் செய்கிறது. நாம் ஒருசந்தி இருக்கும்போது ஏரியும் நம்மோடு ஒருசந்தி இருக்கிறது.

இப்போது தளிர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மாசியில் மழை இல்லை. பனியும் குறைந்துவிட்டது. அப்படியிருக்க மரம் எந்த நம்பிக்கையில் தளிர்க்கிறது? வரப்போகும் மழையை எதிர்பார்த்தல்ல. போன ஐப்பசியில் பெய்து, மண்ணுக்குக் கீழே இறங்கி, வேர் எட்டும் ஆழத்தில் தங்கின தண்ணீரும், மரம் தன் தண்டுக்குள்ளேயே சேர்த்து வைத்த தண்ணீரும்தான் கொழுந்தாக வெளியே வருகின்றன. அதற்கு முன்பாக மரம் ஒரு காரியம் செய்கிறது: முற்றின இலைகளையெல்லாம் உதிர்த்துவிடுகிறது. இலை வழியாகத்தான் தண்ணீர் ஆவியாகப் போகிறது. ஆகையால் அந்தச் செலவை நிறுத்திக்கொண்டு, பிறகு புதுச் செலவு செய்கிறது. (நம்மில் பலர் கலியாணத்துக்குக் கடன் வாங்கும் முறை இதற்கு நேர் எதிரானது, அதைப்பற்றி இன்னொரு வாரம் பேசலாம்.)

ஆகவே தளிர் வரப்போகிற மழைக்கு வாக்குறுதி அல்ல. பெய்து முடிந்த மழைக்குச் சாட்சி. இந்த வேற்றுமை சின்ன வேற்றுமையல்ல. ஞானோபதேசத்தில் நம்பிக்கை என்னும் தேவ புண்ணியத்துக்கு விரோதமான பாவம் இரண்டு என்று படித்திருக்கிறோம். ஒன்று அவநம்பிக்கை. மற்றது மிஞ்சின நம்பிக்கை. அதாவது, தான் செய்ய வேண்டியதைச் செய்யாமல் சர்வேசுரன் எப்படியும் பார்த்துக்கொள்வார் என்று இருப்பது. அவநம்பிக்கைக்காரனை எளிதில் கண்டுகொள்ளலாம். அவன் முகமே காட்டிக்கொடுத்துவிடும். மிஞ்சின நம்பிக்கைக்காரனோ பக்திமானைப்போலவே பேசுகிறான். "ஆண்டவர் கைவிடமாட்டார்" என்று சொல்லிக்கொண்டு, அரை ஏரித் தண்ணீரை நம்பி முழு நிலத்திலும் நவரை நெல் நடுகிறான். நவரை மார்கழி தையில் தொடங்கிச் சித்திரைவரையில் நிற்கும் பயிர். ஒரு கிலோ நெல் விளைய ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் வேண்டும். கேழ்வரகுக்கும் எள்ளுக்கும் வேர்க்கடலைக்கும் அவ்வளவு வேண்டாம் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தே நடுகிறான். பங்குனியில் கதிர் பால் பிடிக்கும் சமயம் மதகில் தண்ணீர் வராது. அப்போது ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் இரவும் பகலும் ஓடும்.

இந்த இடத்தில் காரியம் நம்பிக்கையைவிட்டு நீதிக்குப் போய்விடுகிறது. ஏனென்றால் அவன் தன்னுடைய தண்ணீரைமட்டும் இறைக்கவில்லை.

"என் பட்டா நிலம், என் கிணறு, நான் வாங்கின கடனில் போட்ட குழாய், யார் கேட்பது?" என்று ஒருவர் சொல்லக்கூடும். சட்டமும் அவர் பக்கம் பேசும். 1882-ம் வருஷத்து அனுபோக பாத்தியச் சட்டம், குறிப்பிட்ட வாய்க்காலாக ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துப் பயன்படுத்த நிலச் சொந்தக்காரனுக்கு உரிமை உண்டென்று ஒப்புக்கொள்கிறது. அது எழுதப்பட்டபோது நம் ஊர்களில் கவலையும் ஏற்றமும்தான் இருந்தன. மாடு களைத்துப்போகும், ஏற்றம் மிதிக்கிற மனிதன் களைத்துப்போவான், களைப்பே அளவாக இருந்தது. மோட்டாருக்குக் களைப்பில்லை, நம் ராஜ்யத்தில் விவசாய மோட்டாருக்கு மின்சாரக் கட்டணமும் இல்லை. அளவு வைக்க மனிதனுடைய மனசாட்சியைத் தவிர வேறொன்றும் மீதியில்லை.

அர்ச்சியசிஷ்ட தோமாஸ் அக்குயினாஸ் இதைப்பற்றித் தெளிவாகப் போதிக்கிறார். பொருளைத் தேடுவதற்கும் நிர்வகிப்பதற்கும் மனிதனுக்குச் சொந்தம் என்பது நியாயமானது. தனக்கென்று உள்ளதை மனிதன் அதிக கவனமாகப் பார்த்துக்கொள்வான், சண்டையும் குறையும் என்கிறார். ஆனால் அனுபவிக்கும் காரியத்தில், தேவையில் இருப்பவனுக்குப் பகிர்ந்து கொடுக்க ஆயத்தமாயிருக்கும்படி, பொதுவானது என்ற எண்ணத்தோடேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். 1965-ல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கமும், பூமியின் நன்மைகள் எல்லாருக்கும் பொதுவாக நியமிக்கப்பட்டவை என்ற இதே போதனையை உறுதி செய்தது. மறைந்த பாப்பரசர் பிராஞ்சீஸ்கு 2015-ல் வெளியிட்ட சுற்று நிருபத்தில் குடிநீர் பெறுவதை மனித உயிருக்கே அடிப்படையான உரிமையாகச் சொன்னார். வீடு, வயல், தறி இவற்றுக்கே இந்தப் போதனை பொருந்துமானால், தண்ணீருக்கு எவ்வளவு அதிகமாகப் பொருந்தும்! வயலுக்கு வரப்பு உண்டு. நிலத்தடி நீருக்கு வரப்பு எங்கே? இன்று என் குழாயில் ஏறும் தண்ணீர் நேற்று அடுத்தவன் நிலத்தின் கீழ் இருந்தது. அதற்கு முன் ஊருக்குப் பொதுவான ஏரியில் நின்று ஊறி இறங்கினது. பொதுச் சொத்தாக உள்ளே போனது தனிச் சொத்தாக வெளியே வருகிறது. இதைத் திருட்டு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏழாம் கற்பனைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்கிறவர்கள் இன்னொரு முறை யோசிக்க வேண்டும்.

வெகுதூரத்துக் கதை வேண்டாம். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. பள்ளிப்பட்டைத் தொட்டுக்கொண்டு போகும் கொசஸ்தலை ஆற்றைத் தடுத்து 1944-ல் பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டினார்கள், சென்னையின் தாகத்துக்காக. அது போதவில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் ஆழ்குழாய்கள் இறக்கினார்கள். நகரத்துக்கும் ஆலைக்கும் வயலுக்கும் என்று அளவுக்கு மிஞ்சி இறைத்ததில், மீஞ்சூர்ப் பக்கம் பூமிக்கடியில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்து, கிணறுகள் உப்பாகிவிட்டன. பிறகு வறட்சி வந்த வருஷங்களில் விவசாயக் கிணறுகளின் தண்ணீரையே நகரத்துக்கு விலைக்கு வாங்கினார்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வற்றிப்போனபோதும் அப்படியே நடந்தது. கிணற்றுக்காரர் குற்றவாளி என்று யார் சொல்ல முடியும்? நெல்லைவிடத் தண்ணீர் நல்ல விலைக்குப் போகிறது. தாகத்தில் இருக்கிறவனுக்குத்தான் அது போகிறது. ஆனால் நிலம் கரம்பாகக் கிடந்தால் நாற்று நடுகிற பெண்ணுக்குக் கூலி இல்லை, களை எடுக்கிறவளுக்குக் கூலி இல்லை, அறுக்கிறவனுக்கும் இல்லை. கிணறு இல்லாதவன் அந்தத் தண்ணீரிலிருந்து பெற்று வந்த ஒரே பங்கு அந்தக் கூலிதான். விற்றவனும் வாங்கினவனும் சந்தோஷமாகக் கை குலுக்கிக்கொள்ளும்போது, பேரத்தில் இல்லாத மூன்றாவது ஆள் ஒருவன் தன் பங்கை இழக்கிறான். நீதியைப்பற்றிப் பேசுகிறவர்கள் எப்போதும் அந்த மூன்றாவது ஆளைத் தேட வேண்டும்.

இதே மாவட்டத்தின் கீழ்க்கோடியில் இன்னொரு ஏரி இருக்கிறது, பழவேற்காடு. உப்பும் நன்னீரும் கலந்த பெரிய ஏரி. பூநாரைகள் வந்து தங்கும். வெயில் ஏற ஏற அங்கும் தண்ணீர் குறைந்து உப்பு ஏறும். முகத்துவாரத்தில் மண் அடைக்கும். அங்குள்ள மீனவர்களுக்குள் பாடு என்று ஒரு வழக்கம் உண்டு. இறாலும் மீனும் நன்றாக அகப்படும் இடங்களைப் பலசாலி பிடித்துக்கொள்ளாதபடி, குடும்பங்களுக்குள் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்னாருக்கு இன்ன இடம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். அப்போஸ்தலர்கள் யூதாசின் இடத்துக்கு அர்ச். மத்தியாசைச் சீட்டுப் போட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். அவருடைய திருநாள் முற்காலத்தில் பிப்ரவரி 24-ல், அதாவது மாசியில் வரும். 1969-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு மே மாதத்துக்குப் போய்விட்டது. சீட்டுக்கு ஒரு நல்ல குணம்: அது முகம் பார்ப்பதில்லை. ஆனால் பாடு முறையை வெறுமனே புகழ்ந்துவிட்டும் போகக்கூடாது. சீட்டில் பெயர் உள்ளவர்களுக்குள்தான் நியாயம். பெயரே எழுதப்படாத குடும்பங்கள், பெயரில்லாத ஜாதிகள், வெளியே நிற்கின்றன. பங்கு போடுவதற்கு முன் யார் யாருக்குப் பங்கு என்று எழுதுவதில்தான் பெரிய அநீதியோ பெரிய நீதியோ நடக்கிறது. நம்முடைய ஏரி ஆயக்கட்டிலும் அப்படித்தான். முறைத் தண்ணீர் நிலமுள்ளவனுக்கு. நிலமில்லாதவனுடைய ஆடு எங்கே குடிக்கும் என்று எந்தக் கணக்கிலும் எழுதினதில்லை.

குடிமராமத்தை இங்கே நினைக்க வேண்டும். கரையைப் பலப்படுத்துவதற்கும் வரத்துக்கால் தூர் வாருவதற்கும் ஊரார் ஆள் அனுப்புவது பழைய வழக்கம். அதை 1858-ல் சென்னை ராஜதானி சட்டமாக்கிக் கட்டாயமாக்கினது. கட்டாயமானபின் மனதார வருகிறவன் குறைந்துபோனான் என்றே நினைக்கிறேன். 2017-ல் தமிழக அரசு அந்தப் பெயரையே மீண்டும் எடுத்து ஏரிகளைச் சீர்செய்யத் தொடங்கிற்று. ஏரிக்குள் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமும் உண்டு. சட்டமும் பணமும் வேண்டியவைதான். ஆனால் தண்ணீர் விலகின மாசியில், அண்ணன் ஒருவர் ஏரி உட்புறத்தில் ஒரு முழம் தள்ளி வரப்புப் போடுவதைப் பார்த்தும், "நமக்கு ஏன் வம்பு" என்று தலையைத் திருப்பிக்கொண்டு போகிறோமே, அந்தத் தலைதிருப்பலுக்கு எந்தச் சட்டம் மருந்து?

கிணறு உள்ளவர்களைமட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் சுகமாக வீட்டுக்குப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். ஆழ்குழாய் போட்ட அந்த மனிதரின் வீட்டுக்குள் ஒரு நிமிஷம் பாருங்கள். முதல் குழாய் பாறையில் முட்டிப் பொய்த்தது. இரண்டாவதற்கு மனைவியின் நகை அடகுக்குப் போனது. பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். "நெல்லைக் குறைத்துக் கேழ்வரகு போடு; பங்குனியில் மோட்டாரை நிறுத்து; ஏரியில் மீதியிருப்பதை ஆடுமாட்டுக்கு விடு" என்று நாம் அவருக்குப் புத்தி சொல்கிறோம். நியாயமான புத்திதான். அதனால் அவருக்கு வரும் நஷ்டத்தில் நமக்குப் பங்கு உண்டா என்று அவர் திருப்பிக் கேட்டால்? அவருடைய தண்ணீர் தேவையில் உள்ளவனுக்குப் பொதுவானது என்று அர்ச். தோமாசைக்கொண்டு வாதாடுகிற நாம், நம்முடைய தறி வரும்படியும் மாதச் சம்பளமும் அதே முறையில் அவருக்குப் பொதுவானவை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாகும். போதனையை ஒரு பக்கத்துக்குமட்டும் திருப்ப முடியாது.

இந்தக் கேள்வி சென்னைக்கும் போகிறது. நம் பங்குப் பிள்ளைகள் பலர் அங்கேயும் கும்மிடிப்பூண்டி ஆலைகளிலும் வேலையாயிருக்கிறார்கள். குழாயைத் திறக்கிறார்கள், லாரித் தண்ணீருக்கும் கேன் தண்ணீருக்கும் பணம் கொடுக்கிறார்கள். அந்த விலையில் லாரிக்கும் டீசலுக்கும் பங்கு உண்டு, கிணற்றுக்காரருக்கும் ஏதோ உண்டு. களை எடுக்கிற பெண்ணுக்குப் பங்கு இல்லை. பாஸ்குத் திருநாளுக்கு அவர்கள் ஊருக்கு வரும்போது வேம்பு பூத்திருக்கும். ஏரியில் மாசியில் இருந்ததைவிடத் தண்ணீர் இன்னும் கீழே போயிருக்கும். திவ்விய பூசை முடிந்து வீட்டில் எல்லாரும் கூடி உட்காரும்போது, அந்தப் பெண்ணின் பங்கை யார், எந்தக் கையால் கொடுப்பது என்று பெரியவர்கள் பேச்சை எடுக்கலாம். பதில் ஒரு நாளில் கிடைக்காது. சித்திரையில் சொர்ணவாரிக்கு நாற்று விடுவதற்கு முன் பேசத் தொடங்கினால் போதும்.